ஐஸ் உருண்டையும் பனிச்சரிவும்

ஜார்ஜ்டவுனில் நண்பகல் வெயில் 32 டிகிரியைத் தொட்டுவிட்டது. நானும் மூன்று நண்பர்களும் ஓர் ஐஸ் கச்சாங் கடையின் முன்னால் நிற்கிறோம். கடைக்காரர் ஐஸ் கட்டியை இயந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றுகிறார். அடியில் இருக்கும் கத்தி கட்டியைச் சீவச் சீவ, வெள்ளைத் தூள் கிண்ணத்தில் மலைபோல் குவிகிறது. அதில் ஒரு கை அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறார். "எங்கப்பா காலத்துல கிண்ணமெல்லாம் கிடையாது தம்பி. இப்படி உருண்டை புடிச்சு, மேல சிரப்பு ஊத்திக் கையில குடுத்துருவாங்க."

அவர் நீட்டிய உருண்டையை வாங்கிப் பார்த்தேன். பத்து விநாடிக்கு முன்பு ஊதினால் பறக்கும் தூளாக இருந்தது, இப்போது தரையில் போட்டாலும் உடையாத அளவுக்குக் கெட்டித்துவிட்டது. பசை சேர்க்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. பிறகு எது ஒட்டவைத்தது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பனிச்சறுக்கின் பெரும்பகுதி புரிந்துவிடும். ஸ்கீ பலகை ஏன் வழுக்குகிறது, ரிசார்ட்டின் சரிவு ஏன் தார்ச்சாலைபோல் இறுகி நிற்கிறது, அசையாமல் கிடந்த மலைமுகம் ஏன் ஒரு நொடியில் பிளந்து கீழே பாய்கிறது என்ற மூன்றுக்கும் வேர் ஒன்றே. தைப்பூசம் முடிந்த கையோடு ஜப்பானின் ஹொக்கைடோவுக்குக் கிளம்பும் எங்கள் நால்வர் கூட்டத்துக்கு, பல குளிர்காலங்கள் கழித்தே இது விளங்கியது. முதல் பயணத்துக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பனி நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது

தமிழில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் குவிந்து கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையில் பனி என்றால் வானிலிருந்து படிகமாக விழும் வெண்பனி.

பினாங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் இறங்குகிறது. கொடிமலை ரயிலில் ஏறி உச்சியில் இறங்கியதும் உடம்பில் படும் அந்த இதமான குளிர் இந்தக் கணக்கின் முதல் படி. கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அதைப்போல ஆறு மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 5,000 மீட்டர். வெப்பமண்டல வானத்தில் நீர் உறையும் எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. மாலையில் இடியோடு கொட்டும் நம் மழையின் துளிகளில் பல, அந்த எல்லைக்கு மேலே பனியாகப் பிறந்து, கீழே வரும் வழியில் உருகியவை.

ஹொக்கைடோவின் பனிக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கிறது. அது கிழக்கே வழிந்து ஜப்பான் கடலைத் தாண்டும்போது, கடலின் வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிக்கொள்கிறது. ஹொக்கைடோவின் மலைகளில் மோதி மேலெழும்போது அந்த ஈரத்தை நாள் கணக்கில் பனியாகக் கொட்டுகிறது. நிசெக்கோ மலைகளில் ஒரு பருவத்தில் 10 மீட்டருக்கு மேல் பனி விழ இதுவே காரணம். அதே சைபீரியக் குளிரின் இன்னொரு கிளை தெற்கே இறங்கி, தென்சீனக் கடலில் ஈரம் குடித்து, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. தித்திவங்சா மலைத்தொடர் நடுவில் நின்று மறைப்பதால்தான் தைப்பூச நாள்களில் பினாங்கு வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கிறது. நம் முன்னோர் வாடை என்று பெயரிட்டு அஞ்சிய வடகாற்றின் உறவுக்காரக் காற்று அது. ஓரிடத்தில் வெள்ளமாகவும் ஓரிடத்தில் ஆளுயரப் பனியாகவும் இறங்குகிறது.

அந்தப் பனியின் படிகத்தை முதன்முதலாக ஆய்வகத்தில் வளர்த்ததும் ஹொக்கைடோவில்தான். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உக்கிச்சிரோ நாக்காயா, 1936 மார்ச்சில் முயல் மயிர் ஒன்றின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கினார். வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்து, எந்தச் சூழலில் எந்த வடிவம் பிறக்கிறது என்று வரைபடமே போட்டார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசியும் தூணும், மைனஸ் 15ஐ ஒட்டி ஆறு கிளை விரித்த நட்சத்திரமும் உருவாகின்றன. எனவே விழுந்த படிகத்தின் வடிவத்தைப் பார்த்தே, அது மேகத்தில் எந்தக் குளிரில் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

கொல்லன் உலையில் கிடக்கும் இரும்பு

இப்போது ஐஸ் உருண்டைக்கு வருவோம்.

பனியைக் குளிர்ந்து அடங்கிய பொருளாக நினைத்துப் பழகிவிட்டோம். இயற்பியல் வேறு விதமாகப் பார்க்கிறது. வெப்பநிலையைக் கெல்வின் அளவில் எடுத்துக்கொண்டால், பனி உருகுவது 273இல். மைனஸ் 10 டிகிரிப் பனி இருப்பது 263இல். உருகுவதற்குத் தேவையான வெப்பநிலையில் 96 விழுக்காட்டை அது ஏற்கெனவே எட்டிவிட்டது.

இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். இதே கெல்வின் கணக்கில் 96 விழுக்காடு என்பது சுமார் 1,470 டிகிரி. உலையில் கண் கூசும் வெள்ளையாய் ஒளிரும் இரும்பைவிடவும் அது சூடு. அப்படிக் காய்ச்சிய இரண்டு இரும்புத் துண்டுகளைப் பட்டறைக்கல்லில் வைத்துக் கொல்லர் ஓங்கி அடித்தால் அவை ஒன்றாகிவிடும். நமக்கு எலும்பை நடுக்கும் குளிராகத் தெரியும் பனி, தன்னளவில் உலையில் கிடக்கும் இரும்பு. அதன் மூலக்கூறுகள் அமைதியாக உட்கார்ந்திருப்பதில்லை. மேற்பரப்பில் நகர்கின்றன, ஆவியாகி அடுத்த துகளில் போய் ஒட்டுகின்றன. கூர்முனைகள் கரைகின்றன. இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் கழுத்துப்போல் ஒரு பாலம் வளர்கிறது.

கடைக்காரரின் உள்ளங்கைகள் கொல்லரின் சுத்தியல் செய்த வேலையைச் செய்தன. அழுத்தம் துகள்களை நெருக்கியது, கையின் சூடு கொஞ்சம் உருக்கியது. நெருங்கிய இடங்களில் பாலங்கள் விளைந்தன. சிதறிக் கிடந்த தூள் ஒரே பொருளானது.

பனி தன் உருகுநிலையின் வாசலிலேயே வாழ்கிறது. அதனால் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. சறுக்கும் இன்பத்தைத் தருவதும், உயிரை வாங்குவதும் இந்த ஒரு குணம்தான். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

பலகை ஏன் வழுக்குகிறது

பள்ளிப் பாடத்தில் பலரும் படித்த விளக்கம் ஒன்று உண்டு. அழுத்தினால் பனியின் உருகுநிலை இறங்கும். பலகையின் மேல் நிற்பவரின் எடை பனியை அழுத்தி உருக்குகிறது. அந்த நீரில் பலகை வழுக்குகிறது. அழுத்தத்தால் உருகுநிலை இறங்கும் என்று ஜேம்ஸ் தாம்சன் 1849இல் கணித்தார். அவருடைய தம்பி, பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், சோதனையில் அதை மெய்ப்பித்தார். 1886இல் ஜான் ஜோலி பனிக்கட்டியின் மேல் சறுக்குவதற்கு அதையே காரணமாகச் சொன்னார்.

விதி சரி. ஸ்கீ பலகைக்குக் கணக்குத்தான் ஒத்துவரவில்லை. 75 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு பலகைகளில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகைகளின் அடிப்பரப்பு சுமார் கால் சதுர மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழுவது 30 கிராம்தான். உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க வேண்டுமானால் அதே சதுர சென்டிமீட்டரின் மேல் நூறு கிலோவுக்கு மேல் ஏற்றவேண்டும். பலகை பனித்துகள்களின் முனைகளை மட்டுமே தொடுகிறது என்று கழித்துக்கொண்டாலும், மைனஸ் 10 டிகிரியில் வழுக்குவதற்கு இந்த விளக்கம் போதாது.

விடையின் முதல் பாதியை 1850இலேயே தொட்டவர் மைக்கேல் ஃபாரடே. இரண்டு பனிக்கட்டிகளைத் தொடவைத்தால் அவை ஒட்டிக்கொள்வதைக் காட்டி, பனியின் மேற்பரப்பில் எப்போதும் நீர்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கவேண்டும் என்றார். காரணம் எளிது. கட்டியின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேல்பக்கத்தில் பிடிப்பில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர்போல அது எளிதில் இடம்மாறும். உருகுநிலைக்கு அருகில் இந்த ஓரத்து மூலக்கூறுகள் திடமும் இல்லை, முழு நீரும் இல்லை என்ற நிலையில் இருக்கின்றன.

மறுபாதி உராய்வின் சூடு. 1939இல் பவுடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் கணவாயில், பனிக்குகைக்குள் சோதனை செய்தார்கள். பலகை நகரும்போது உண்டாகும் உராய்வுச் சூடே துகள்களின் முனையை உருக்கிப் படலத்தைத் தடிப்பாக்குகிறது என்று காட்டினார்கள். வெப்பத்தை எளிதில் கடத்தும் உலோகத்தைவிட, கடத்தாத பொருள் நன்றாக வழுக்கியது. சூடு பலகைக்குள் ஓடிவிடாமல் பனியிலேயே தங்குவதுதான் காரணம். இன்று பலகைகளின் அடிப்பாகம் ஒருவகைப் பாலிதீனால் ஆனது. அதன்மேல் மெழுகு பூசுகிறார்கள். நீர் ஒட்டாமல் உருண்டோட வேண்டும் என்பதற்காக.

குளிர் அளவுமீறினால் இந்த வசதி கைவிட்டுவிடும். மைனஸ் 30க்குக் கீழே ஓரத்து மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கிவிடுகிறது, உராய்வின் சூடும் போதவில்லை. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டின் குழுவினர், பனியில் வண்டியை இழுப்பது மணலில் இழுப்பதுபோல் இருந்ததாகக் குறித்துவைத்தார்கள். பனிமேல் சறுக்குவதற்குக் குளிர் வேண்டும். ஆனால் பனி உருகுநிலையைவிட்டு வெகுதூரம் விலகிவிடவும் கூடாது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ரிசார்ட்டில் மாலை விளக்கு ஏற்றியபின், சங்கிலிச் சக்கர வண்டிகள் மலைமேல் ஏறுகின்றன. பகலில் நூற்றுக்கணக்கானோர் கிளறிவிட்ட பனியை நசுக்கி, கலக்கி, சீப்பு வாரியதுபோல் வரிவரியாய் விரித்துவிட்டு இறங்குகின்றன. இரவு முழுக்க அதை யாரும் மிதிப்பதில்லை. அந்தச் சில மணி நேரத்தில் உடைந்த துகள்கள் பக்கத்துத் துகள்களோடு பாலம் கட்டிக்கொள்கின்றன. விடியலில் சரிவு இறுகியிருக்கிறது. ஐஸ் உருண்டையின் பாடம் இங்கே ஒரு மலையளவு.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அங்கே ஆல்பைன் பனிச்சறுக்கில் நம் கொடியின்கீழ் இறங்கியவர் ஜெஃப்ரி வெப். 2022 பெய்ஜிங்கில் அவரோடு அருவின் சலேஹுதீனும் சறுக்கினார். அத்தகைய பந்தயத் தடங்களில் நீர் பாய்ச்சிப் பனியைக் கல்போல் இறுக்குவார்கள். வேகத்தில் திரும்பும் பலகையின் எஃகு விளிம்பு வெட்டிப் பிடிக்க அந்தக் கடினம் வேண்டும்.

ரிசார்ட் எல்லைக்குள் இருக்கும்வரை மலையின் கோபத்தை வேறு யாரோ கவனித்துக்கொள்கிறார்கள். காவல் குழு விடியுமுன் சரிவுகளைச் சோதிக்கிறது. தேவைப்பட்ட மலைகளில் வெடிவைத்து, சரியக்கூடிய பனியை ஆளில்லாதபோதே சரித்துவிடுகிறார்கள். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் இருப்பது பேக்கன்ட்ரி. லிஃப்ட் இல்லை, வாரிய தடம் இல்லை, காவல் குழு இல்லை. பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறவேண்டும். நிசெக்கோவில் கயிற்றைத் தாண்ட அனுமதி இல்லை. குறிப்பிட்ட கதவுகள் வழியாகத்தான் வெளியேறலாம், பனிச்சரிவு அபாயம் கூடினால் கதவு மூடப்படும்.

கதவுக்கு வெளியே கிடைக்கும் அனுபவத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். புதிதாய் விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்று. முழங்கால்வரை மூழ்கி இறங்கும்போது ஒலியே இல்லை. பிர்ச் மரங்களுக்கு நடுவே நண்பனின் சிவப்புச் சட்டை மட்டும் மிதந்து போவது தெரியும். அதற்காகத்தான் மனிதர்கள் கதவைத் தாண்டுகிறார்கள். தாண்டுகிறவர்கள் அடியில் இருப்பதை அறிந்துகொண்டு தாண்டவேண்டும்.

பாளமும் சர்க்கரையும்

மலையில் கிடக்கும் பனி ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. இரண்டு பொழிவுகளுக்கு நடுவில் அடித்த வெயில், வீசிய காற்று, தெளிந்த இரவின் குளிர் ஒவ்வொன்றும் தன் தழும்பை விட்டுப்போகிறது.

பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முழம் பனி விழுகிறது, பிறகு இரண்டு வாரம் வானம் தெளிந்து கடுங்குளிர் அடிக்கிறது என்று கொள்வோம். பனியின் அடியில் நிலம் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது. மேலே காற்று மைனஸ் 15. அரை மீட்டருக்குள் 15 டிகிரி வித்தியாசம். இந்த வித்தியாசம் நீராவியைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆவி வேகமாய் ஓடும்போது பாலங்கள் வளர்வதில்லை. பழைய துகள்கள் கரைந்து, பட்டை தீட்டியதுபோன்ற பெரிய மணிகள் பிறக்கின்றன. கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழிந்துவிடும். உருண்டை பிடிக்க வராது. ஸ்கீக்காரர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்கள்.

இந்தச் சர்க்கரையின்மேல் அடுத்த பெரும்பொழிவு விழுகிறது. காற்று அதை வாரி, மலையின் மறுபக்கத்தில் குவிக்கிறது. அந்தப் புதுப்பனியின் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒரு பாளமாகின்றன. அடியில் சர்க்கரை, மேலே பாளம். கோலிக்குண்டுகள் பரப்பிய சாய்தளத்தில் ஒரு பலகைக் கதவைக் கிடத்தியதுபோல. ஒரு ஸ்கீக்காரரின் எடை சர்க்கரை அடுக்கின் ஒரு சிறு இடத்தை நொறுக்கினால் போதும். அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடுகிறது, ஆள் ஓடுவதைவிடப் பல மடங்கு வேகத்தில். கண்மூடித் திறப்பதற்குள் தலைக்கு மேலே நீளமாய் ஒரு விரிசல் விழ, பாளம் முழுதும் புறப்பட்டுவிடுகிறது.

சாய்வும் பொருந்தவேண்டும். இத்தகைய சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன, 38ஐ ஒட்டி மிக அதிகம். 30க்குக் கீழே பாளம் பெரும்பாலும் நகராது. 45க்கு மேலே பனி குவிந்து நிற்பதற்குள் உதிர்ந்துவிடும். துயரம் என்னவென்றால், சறுக்குவதற்கு மிக இன்பமான சாய்வும் ஏறக்குறைய இதுவே. உயிரைக் குடித்த சரிவுகளில் பத்தில் ஒன்பதைக் கிளப்பிவிட்டவர்கள், அதில் சிக்கியவர்களோ அவர்கள் கூட்டாளிகளோதான்.

ஐஸ் கச்சாங் கிண்ணம் இன்னொரு வகைச் சரிவையும் காட்டும். கூம்பாக நின்ற தூளின்மேல் ரோஸ் சிரப்பு இறங்கியதும் ஒருபக்கம் மெல்ல அமர்ந்து வழிகிறது. இளவேனிலின் வெயிலோ மழையோ பனிக்குள் நீரை இறக்கினால் மலையிலும் அதுவே நடக்கிறது. துகள்களின் பாலங்கள் கரைந்து ஈரப் பனிச்சரிவு கிளம்புகிறது. பினாங்குக்காரர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. நம் மலைகளில் பனிக்குப் பதில் மண், வெயிலுக்குப் பதில் மழை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் இத்தீவின் சரிவுகள் பல இடங்களில் இறங்கின. 25 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலத்தையும் 76 மீட்டருக்கு மேலான நிலத்தையும் மலைநிலமாகக் கருதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் நம் மாநிலக் கொள்கையின் பின்னாலும் இதே இயற்பியல் நிற்கிறது. சரிவு என்பது எடைக்கும் பிடிப்புக்கும் இடையே நடக்கும் இழுபறி. எடை கூடினாலும் ஆபத்து, பிடிப்பு குறைந்தாலும் ஆபத்து.

அஃபர்வத், சியாச்சின்

தமிழர்கள் பனிச்சரிவுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் 2,650 மீட்டரில் தொடங்கி, கொங்தூரி வழியாக, அஃபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டரைத் தாண்டிய உயரத்துக்குக் கொண்டுபோகிறது. 2005இல் மேல்கட்டம் திறந்தபின், உலகின் பேக்கன்ட்ரி ஸ்கீக்காரர்கள் தேடிவரும் இடமானது. அங்கே பனி கொண்டுவருவது வாடை இல்லை. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள். 2010 பிப்ரவரி 8 அன்று, அதே மலையின் கிலன்மார்க் சரிவில் பயிற்சியிலிருந்த இராணுவத்தினர்மேல் பனி இறங்கி 17 பேர் மாண்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று அங்கே மீண்டும் ஒரு சரிவு, வெளிநாட்டு ஸ்கீக்காரர் ஒருவர் உயிரை வாங்கியது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறக்குறைய 6,000 மீட்டர் உயரக் காவல்நிலையின்மேல் பனிப்பெருக்கு விழுந்தது. அடியில் சிக்கியவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள். பனியே விழாத தமிழ்நாட்டு ஊர்களில் பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார்.

இந்தியாவில் இந்த ஆபத்தை ஆராய 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது வேறோர் ஆய்வகத்தோடு இணைந்து பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாகியது. மலைகளில் கருவிகள் வைத்து, பனி அடுக்குகளைத் தோண்டிப் பார்த்து, பனிச்சரிவு முன்னறிவிப்புகளை அது வெளியிடுகிறது.

பன்னிரண்டாவது தட்டு

அடுக்குகளைத் தோண்டிப் பார்ப்பது என்றால் என்ன என்பதை ஒரு பிப்ரவரிக் காலையில் கண்ணால் கண்டோம். ஹொக்கைடோவில் ஒரு சரிவின் ஓரத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, மார்பளவு குழி வெட்டினார். குழியின் சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தூணைத் தனியே பிரித்து, அதன் தலையில் மண்வாரியின் தட்டைப் பகுதியை வைத்தார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து பத்து. அதற்கும் அசையாவிட்டால் தோளிலிருந்து பத்து. முதல் பத்தும் போயின. தூண் அசையவில்லை. பன்னிரண்டாவது தட்டில், முழங்கால் உயரத்துக்கு மேலிருந்த பாளம் முழுசாய், மேசை இழுப்பறை வெளியே வருவதுபோல், எங்கள் பக்கம் வழுக்கி வந்து நின்றது. வெட்டுமுகம் கத்தியால் அறுத்ததுபோல் வழவழவென்றிருந்தது. அடியில் இருந்ததை விரலால் வருடினேன். சர்க்கரை.

அன்று அந்தச் சரிவில் நாங்கள் இறங்கவில்லை. மரங்கள் அடர்ந்த, சாய்வு குறைந்த வேறு வழியில் இறங்கினோம். ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வானம் நீலமாய்த் தெளிந்திருந்தது. எங்களுக்கு முன்பு போனவர்களின் தடங்களும் அந்தச் சரிவில் தெரிந்தன. இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசி, இத்தகைய மனநிலையைத்தான் பொறி என்றார். பழகிய மலை, பிறர் போன தடம், கிளம்பியபின் திரும்ப மனமின்மை, கூட்டத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் கண்ணையும் மறைத்திருந்தன. பனியை அறிந்தால் மட்டும் போதாது. நண்பர்கள் சேர்ந்திருக்கும்போது எப்படி முடிவெடுக்கிறோம் என்பதையும் அறியவேண்டும். எங்கள் கூட்டத்தில் அன்றிலிருந்து ஒரு விதி. நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் இறங்கமாட்டோம். காரணம் கேட்கமாட்டோம்.

அத்தனைக்குப் பிறகும் புதைந்துவிட்டால்? ஓடும் பனி உராய்ந்து சூடேறுகிறது. நின்ற மறுகணம் அதன் துகள்கள் பாலம் கட்டத் தொடங்கிவிடுகின்றன. பஞ்சுபோல் வந்த பனி சிமெண்டுபோல் இறுகுகிறது. கடைக்காரர் உள்ளங்கையில் நடந்தது உடம்பைச் சுற்றி நடக்கிறது. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. தன் மூச்சிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவையே திரும்ப உள்ளிழுக்கிறார். முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைத்ததாகப் பழைய கணக்குகள் காட்டின. 2024இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு அந்தக் கெடுவைப் பத்து நிமிடமாகச் சுருக்கிவிட்டது. அரைமணியைத் தாண்டினால் நம்பிக்கை பெரிதும் இறங்கிவிடும். எந்த மீட்புக் குழுவும் பத்து நிமிடத்தில் மலையேறி வந்துவிட முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் மீட்புக் குழு.

அதனால்தான் பேக்கன்ட்ரி போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்கவேண்டும். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடித்துக்கொண்டே இருக்கும் பீக்கன், மடக்கிவைக்கும் துழாவுகோல், உலோக மண்வாரி. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினால் புதைந்தவரின் துடிப்பைப் பிடித்து, தூரத்தையும் திசையையும் காட்டும். துழாவுகோலால் குத்தி ஆழத்தை அறியலாம். பிறகு தோண்டவேண்டும். மூன்றையும் கடையில் வாங்கிவிடலாம், வேகத்தை வாங்க முடியாது.

பினாங்கில் பனி இல்லை, ஆனால் மணல் இருக்கிறது. டிசம்பர் மாத ஞாயிறுகளில் விடியற்காலையில் நாங்கள் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போகிறோம். ஒருவர் பீக்கனை ஒரு டப்பாவில் போட்டு மணலுக்கடியில் முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே தடம் தெரியாமல் காலால் மெழுகிவிடுவார். மற்றவர்கள் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்போம். "ஆ, ஆரம்பிங்க!" என்றதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். எண்கள் 38, 21, 9 என்று குறையும். மணலோடு முகம் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாய்க் கருவியை நகர்த்துவோம். 0.6 வந்ததும் துழாவுகோல் இறங்கும். டப்பாவில் முட்டும் ஒலி கேட்டதும் மூவரும் மண்டியிட்டுத் தோண்டுவோம். முதல் முறை 14 நிமிடம் ஆனது. அன்று டப்பாவைத் தூக்கிப் பார்த்து யாரும் பேசவில்லை. அதற்குள் இருந்தது நம்மில் ஒருவராக இருந்திருந்தால் என்று நால்வருமே நினைத்துக்கொண்டோம்.

சென்ற ஞாயிறு நான்கரை நிமிடம். வியர்வை வழிய எழுந்து நின்று கைமணலைத் தட்டினோம். மணல் உதிர்ந்தது. பனி உதிராது. எனவே இன்னொரு முறை புதைக்கச் சொன்னோம்.